எழுபத்திரண்டு பிள்ளையார்

ஒரே வாரத்தில் எழுபத்திரண்டு பிள்ளையார் திருட்டுப்போன தெரு, ஈரேழு பதினான்கு லோகத்திலும் எங்களுடையது ஒன்றுதான்.

முதல் திருட்டு நான் செய்தது.

அன்றைக்கே வீட்டில் சொன்னேன். என் மனைவி செண்பகம் நம்பவில்லை.

"பந்தியில ரெண்டாவது வட கேக்கவே கூச்சப்படுவீய. நீங்க திருடுனீயளாக்கும்."

தெருமுனையில் பூட்டிக்கிடந்த தையல் கடையை வாடகைக்கு எடுத்திருந்தாள் கோமதி. மண் பிசைவாள். பறை அடிப்பாள். பழைய சாமிக் கதைகளைத் தனியாக ஆடிப் பார்ப்பாள். வெறும் மேடையாகக் கிடக்கும் அரசமரத்தடியில் தெருவே சேர்ந்து ஒரு பிள்ளையாரை வைக்க வேண்டும். அதுதான் அவள் ஆசை.

களிமண்ணில் ஒருவரைச் செய்து வாசலில் வைத்தாள். பக்கத்தில் பலகை.

'யார் வேண்டுமானாலும் எடுத்துப்போய் வைக்கலாம்.'

ஒரு மாதம். ஓர் ஈகூட உட்காரவில்லை.

அன்று மதியம் அவள் உள்ளே போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஞாயித்துக்கெழம ஊருக்கே வந்துருதேண்ணே. நீ சொன்ன வேலைக்கே போறேன்."



பாவம், படித்த பெண். திருடி வைத்த பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. வாசலில் வைத்துக் கும்பிட்டுக் கொடுத்தால் எவன் எடுப்பான்?

முப்பத்து நான்கு வருஷம் தாலுகா ஆபீஸில் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத கை இது.

இருட்டியதும் யாருக்கும் தெரியாமல் பிள்ளையாரைத் துண்டில் சுருட்டினேன். நெஞ்சு அடித்தது கயத்தாறு வரை கேட்டிருக்கும்.

மறுநாள் காலை, காலி இடத்தைப் பார்த்தபடி நின்றாள் கோமதி.



பிறகு பலகையைப் பார்த்தாள்.

உள்ளே போய் இன்னொரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்தாள். பலகையை அழித்து எழுதினாள்.

'யாரும் தொடக் கூடாது.'

சாயங்காலத்துக்குள் அவரும் போய்விட்டார். சத்தியமாக நான் இல்லை.

அப்புறம் அவளுக்கு மண் பிசைந்து மாளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே அரசமரத்தடிக்கு வந்தது. கூடையில், டிபன் தூக்கில், தலையணை உறைக்குள் பிள்ளையார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் மேடையில் இறக்கி வைத்தார்கள்.

கோமதி பறை அடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போனில் அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அவளுக்கு இருப்பது இரண்டு கைதானே.

கடைசியாக வந்தாள் செண்பகம். முந்தானைக்குள்ளிருந்து ஒருவரை எடுத்து, நான் வைத்தவரை ஒட்டி உட்கார்த்தினாள்.

"நீங்க எடுத்தது நெசந்தான்" என்றாள், என்னைப் பாராமல். "ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"மறுநாளு எடுத்தது நான்."