இரு முகாம்களின் மகள்

வாய்மொழித் தேர்வு நடக்கும் அறையின் கடைசி வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா விரல்களைப் பின்னியபடி உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் நிற்கும் மகளின் கண்ணாடியில் சன்னல் வெயில் மின்னுகிறது. மேலைத் தத்துவத்தின் இரு முகாம்களும் அவர்கள் வீட்டிலேயே உண்டு. சொற்களைத் தர்க்கத்தால் அலசும் பகுப்பாய்வு மரபு பேராசிரியர் அப்பாவுடையது. வாழ்ந்த அனுபவத்தைத் துருவும் ஐரோப்பியக் கண்ட மரபு பேராசிரியை அம்மாவுடையது. மகளோ வலியைப் பற்றிய தன் ஆய்வேட்டில் இரண்டையும் அருகருகே உட்காரவைத்திருக்கிறாள். "நீங்க எந்தப் பக்கம்னே தெரியலையேம்மா. இதுக்கு எப்படிப் பட்டம் குடுக்கறது?" என்கிறார் தேர்வாளர். மின்விசிறி முனகுகிறது. மகள் பதறாமல், "முதல்ல உங்க மறுப்பைச் சரியா சொல்லிடறேன் சார்" என்று அவரைவிட வலுவாக அதை எடுத்துவைக்கிறாள். அவர் தலையாட்டிய பிறகே பதிலுக்கு வருகிறாள். எதிராளி 'ஆமா, அதேதான்' என்னும்வரை பதில் பேசக்கூடாதென்பது அவர்கள் வீட்டுச் சண்டைகளின் சட்டம். "வலிங்கற சொல்லை அலச ஒரு மரபு வேணும். வலிக்கறது எப்படி இருக்குன்னு சொல்ல இன்னொண்ணு வேணும். நான் வலியோட பக்கம், சார்." தேர்வாளர் சிரித்தபடி பேனாவை மூடுகிறார். "பட்டம் உங்களுக்குத்தான், டாக்டர்." அறை கைதட்டுகிறது. "இன்னொண்ணும் வேணும்தான்" என்று அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒத்துக்கொள்கிறார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அம்மாவின் மரபுக்கு அவர் விட்டுக்கொடுத்த முதல் வரி அது. "காதுல விழல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்கிறாள் அம்மா, கைதட்டலை நிறுத்தாமல்.