பாதி எடைச் சக்கரம்

மறுபடியும் கியர்பொக்ஸை இறக்க வேண்டும் என்று நினைத்ததுமே அழகமுத்துவுக்கு இடுப்பு விட்டுப்போனது.

மூன்று நாள் காருக்கு அடியிலேயே கிடந்து, முந்தாநாள்தான் வேலையை முடித்திருந்தான். இரத்தோட்டையில் அவனுடையது ஒற்றை ஆள் கராஜ். தூக்குகிறவனும் அவன்தான், தாங்குகிறவனும் அவன்தான்.

கார் நில அளவையாளர் ஸ்ரீஸ்கந்தராஜா சேருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக்கு மாற்றலாகி வந்து இருபது வருஷம். சாதுவான தன் பழைய காரை விற்றுவிட்டு, பந்தயம் ஓடிய ஒருவரிடமிருந்து இந்தச் சிவப்புக் காரை வாங்கி வந்தார். ஐம்பத்துநான்கு வயதில், மூட்டுவலித் தைலம் மணக்க மணக்க, மனுஷருக்குப் பந்தய ஆசை! ஊரெல்லாம் இதுதான் சிரிப்பு. அழகமுத்துவும் சிரித்தவன்தான்.

அது போதாதென்று பிளைவீலையும் மாற்றச் சொன்னார்.

எஞ்சினுக்குப் பின்னால் சுற்றுகிற இரும்புச் சக்கரம் அது. எட்டுக் கிலோ. கியர்பொக்ஸை இறக்கி அதைக் கழற்றிவிட்டு, கொழும்பிலிருந்து வரவழைத்த நாலு கிலோச் சக்கரத்தைப் போட வேண்டுமாம். பாரம் குறைந்தால், மிதித்த மாத்திரத்தில் எஞ்சின் சீறும். வேலை நடந்த மூன்று நாளும் பஸ்ஸில் வந்து நின்று, மிதித்தவுடன் எழும்புமா என்று அதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார். உச்ச வேகம் எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எழும்பத்தான் செய்தது. நேற்று எல்கடுவ ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது, அழகமுத்து களைப்பையும் மறந்து தன்பாட்டில் சிரித்துக்கொண்டான்.

யுத்தக் காலம். இறங்கி வருகிற வழியில் ஆமி செக்பொயின்ட்.

தார்ப் பீப்பாய்களை ரோட்டில் வளைவு வளைவாக வைத்திருந்தார்கள். அதற்குள் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகலாம். அவ்வளவு மெதுவாகப் போனால் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்க இந்தச் சக்கரத்தில் கனம் இல்லை. நின்றுவிட்டது. ஸ்டார்ட் பண்ணினான். மறுபடி நின்றது. மூன்றாம் முறை, வேறு வழியில்லாமல் அக்சிலேட்டரை ஓங்கி மிதித்தான்.

அந்தச் சத்தத்துக்குச் சிப்பாய்களின் இரண்டு துவக்குகள் ஒன்றாக அவனை நோக்கி நிமிர்ந்தன.

நாள் முழுக்கப் பேசுகிற சிங்களம் அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஒருவழியாகச் சொல்லி விளங்கவைத்து, கடைசியில் காரைத் தள்ளிக்கொண்டே வெளியே வந்தான்.

இரவு கண்ணை மூடினால் அந்தத் துவக்குகள்தான். அந்தச் சிப்பாய்களில் பாதிப்பேர் அவனுக்கு முகம் பழகியவர்கள். அவனுக்கே இந்தக் கதி என்றால், அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிற மனுஷருக்கு?

காலையில் சேர் காரை எடுத்துப்போக வந்தார். அழகமுத்து சாவியைக் கொடுக்கவில்லை.

“சேர், மெதுவாப் போனா நின்னுடுதுங்க. செக்பொயின்ட்ல ரேஸ் பண்ணித்தான் எடுக்கணும், அந்தச் சத்தத்துக்குச் சுட்டாலும் சுட்டுருவாங்க. ரெண்டு நாள் தாங்க, பழையதையே போட்டுத் தாறேன்.”

அவர் கோபப்படவில்லை. திரும்பி ஒருமுறை ரோட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வேண்டாம் தம்பி. செக்பொயின்ட்டில நிக்கிறவன் யூனிபோமோட நிக்கிறான், கையை உயர்த்திக் கதைக்கலாம். ஒரு மாசமா எனக்குப் பின்னால வாற வெள்ளை வானுக்கு நம்பர் பிளேட்டே இல்லை.”

வெள்ளை வானில் ஏற்றிப்போன எவரும் திரும்பி வந்ததாக அழகமுத்து கேள்விப்பட்டதில்லை. ஊரோடு சேர்ந்து சிரித்ததற்காக வெட்கமாக இருந்தது.

காரில் ஏறினான். அதைத் திருப்பி, முகப்பு ரோட்டைப் பார்க்க நிறுத்தினான்.

எஞ்சினை அணைக்காமலே இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.