ஜெபத்தில் கிடைத்த பேர்

"எழுத்து இன்னும் பளிச்சுனு தெரியணும்யா. தோபா ஏரியில படகுல போறவன் எவனா இருந்தாலும் அண்ணாந்து பார்த்துப் படிச்சிட்டுத்தான் போகணும்."

சுமத்ரா தீவின் அந்த ஏரிக்கரை மேட்டில் மூணு மாடிக்கு எழும்பி நின்ற கல்லறைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார் ஓம்பு லம்ரியா. ஆள் இன்னும் சாகவில்லை. சர்க்கரை வியாதி கூடக் கிடையாது. கல்லறை மட்டும் தயார்.

சாரத்தில் நின்ற மேஸ்திரி கீழே எட்டிப் பார்த்தான். "தங்கப் பூச்சு கொஞ்சம்தான் இருக்குங்கய்யா. முதல்ல 'ஓம்பு'வுக்குப் பூசவா, 'லம்ரியா'வுக்குப் பூசவா?"

"பேருக்குப் பூசு. ஓம்புன்னா தாத்தா, அது ஊருல பேரப்பிள்ளை எடுத்த எவனுக்கும் உண்டு. லம்ரியா எனக்கு மட்டும்தான்."

அதுவும் சரிதான். மூத்த பேத்தி பிறந்துவிட்டால் அவள் பேர்தான் தாத்தாவுக்கும் பேர். பெற்றவர்கள் வைத்த பேரை அதற்கப்புறம் எவனும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் வெட்டுக்குத்துதான்.

பேத்திக்கு லம்ரியா என்ற பேர் வந்த கதையை அவர் போகிற விருந்தில் எல்லாம் சொல்லுவார். "என் மகன் ஜெபத்துல கேட்ட பேரு. கர்த்தரே பார்த்து எனக்குக் கொடுத்தது." சர்ச்சில் மூப்பர் வேறு. கேட்கணுமா?

மகன் தோகர் மூச்சு வாங்க மேடேறி வந்தான்.

"அப்பா, சினகா வீட்டுப் பொண்ணு போயிட்டாங்க."

பொண்ணுக்கு எண்பது தாண்டிவிட்டது. பங்காளி ஒருத்தனின் விதவை. பிள்ளை குட்டி இல்லை, அதனால் பேத்தி பேரும் கிடையாது. வாழ வந்த நாளிலிருந்து சாகிற வரைக்கும் பிறந்த வீட்டைச் சொல்லியே கூப்பிட்டார்கள். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சிச் சட்டியோடு போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஐயோ பாவம்," என்றார் ஓம்பு லம்ரியா, எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்கு மத்தியானமே அடக்கம் பண்ணிடலாம்."

"மேளம் வைக்கணும்ப்பா."

"என்னது? பேரன் பேத்தி எடுத்தவங்க சாவுக்குத்தாண்டா மேளமும் எருமையும். பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாதவளுக்கு எதுக்குடா மேளம்? யாரு ஆடுவா, அவ வளர்த்த கோழியா?"

"சின்ன வயசுல எனக்கு விஷக்காய்ச்சல் வந்தப்ப ஆஸ்பத்திரியிலயே கையை விரிச்சிட்டாங்க. அவங்கதானே ராத்திரி பகலா பக்கத்துல இருந்தாங்க."

"அதுக்குத்தான் அப்பவே ஒரு மூட்டை அரிசி கொடுத்தேனே. முறைன்னு ஒண்ணு இருக்குடா. அதோட, கொஞ்சம் திமிரு பிடிச்ச கிழவி. சர்ச்சுல யாராவது என்னை 'ஓம்பு லம்ரியா'ன்னு கூப்பிட்டா போதும், வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு."

தோகர் மேட்டை விட்டு இறங்கினான்.

மறுநாள் மத்தியானம் பெட்டியை மூடுகிற நேரத்தில், செத்துப்போனவளின் அண்ணன் அக்கரையிலிருந்து படகில் வந்து இறங்கினார். பொண்ணு கொடுத்த வீட்டுக்காரர். இந்தக் கரையில் அவருக்கு இருக்கிற மரியாதை மூப்பருக்குக்கூடக் கிடையாது. அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சில்லை. ஊரே எழுந்து நின்றது. ஓம்பு லம்ரியாவும்தான்.

கிழவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"லம்ரியா... அண்ணனை விட்டுட்டுப் போயிட்டியே லம்ரியா..."

"என்ன தாத்தா?" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள் ஓம்பு லம்ரியாவின் பேத்தி.

வாசலில் எல்லாரும் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஓம்பு லம்ரியா மகனின் முழங்கையைப் பிடித்தார். "இவர் யாரைடா கூப்பிடுறார்?"

"அவங்களைத்தான். அவங்க பேரு அதுதான்ப்பா."

"ஜெபத்துல கேட்ட பேருன்னியேடா."

"ஆமா, அவங்க ஜெபத்துல. காய்ச்சல்ல கண்ணை மூடிக் கிடப்பேன், காது மட்டும் கேட்கும். 'ஆண்டவரே, லம்ரியா வந்திருக்கேன், இந்தப் பிள்ளையை மட்டும் விட்டுருங்க'ன்னு கெஞ்சிக்கிட்டே இருப்பாங்க. நம்ம ஊருல ஒருத்தரும் அவங்க பேரைக் கேட்டதில்லை. அதனால ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லிக்கிட்டாங்க போல."

ஓம்பு லம்ரியாவுக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வருஷமாக ஊர் முழுக்கத் தன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டது என்று நினைத்துப் பார்த்தார். கிழவியின் அந்தச் சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தது. கூட்டத்துக்குப் பின்னால் மெல்ல நழுவப் பார்த்தார்.

அதற்குள் கிழவர் வந்து அவருடைய ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, பிள்ளையில்லாத என் தங்கச்சியை ஏதோ ஒரு மூலையில புதைச்சிடுவாங்கன்னு பயந்துக்கிட்டே வந்தேன். படகுல வரும்போதே பார்த்துட்டேன். மேட்டுல மூணு மாடிக் கல்லறை. தங்க எழுத்துல என் தங்கச்சி பேரு. யாரு கட்டினதுன்னு கேட்டா, படகுக்காரன் உங்களைத்தான் சொன்னான்."

ஓம்பு லம்ரியா வாயைத் திறந்தார். பொண்ணு கொடுத்த வீட்டுக்காரரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைச் சுற்றிலும் பார்த்தார்.

"இவ்வளவு செஞ்சவரு மேளத்தை மட்டும் விட்டிருப்பீங்களா? எப்பய்யா ஆரம்பிப்பாங்க?"