ஷாயிப் யார் கையில்?

“எனக்கும் சேர்த்துச் சீட்டுப் போடுடா. நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார் அப்பா ஷுக்ரி. மூன்று பிள்ளைகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆறு வருஷமாகிறது. மனுஷருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மம்தூஹ் தங்கைகள் இருவரையும் பார்த்தான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நாலு பேருக்குமாகக் கலைத்துப் போட்டான்.

ஷாயிப் ஆடாத வீடு அலெக்ஸாந்திரியாவில் கிடையாது. நாலு ராஜாவில் மூன்றை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒற்றை ராஜாதான் ஷாயிப், அதாவது நரைத்த கிழவன். பக்கத்தில் இருப்பவர் கையிலிருந்து ஒவ்வொரு சீட்டாக உருவி, ஜோடி சேர்த்துக் கீழே போட வேண்டும். ஜோடியில்லாத அந்தக் கிழவன் கடைசியில் யார் கையில் நிற்கிறானோ, அவருக்குத் தண்டனை.

வழக்கமாகப் பாத்திரம் கழுவு, கழுதை மாதிரிக் கத்து என்று ஏதாவது சொல்வார்கள். இன்றைய தண்டனையைச் சாப்பாட்டுக்கு முன்பே பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு, மூவரும் பேசி முடித்திருந்தார்கள்.

கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். வியாழக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பாவை, அவர்களுடைய பாபாவை, யார் கூட்டிப் போவது? மம்தூஹின் மனைவி முடியவே முடியாது என்றுவிட்டாள். நஜ்லா வீட்டில் ஏற்கெனவே மாமியார் படுத்த படுக்கை. கடைக்குட்டி நிஹாலுக்கு இருப்பதே ஒன்றரை அறை, அதில் வேலை போன புருஷன் வேறு. பேச்சு வளர்ந்து, குரல் உயர்ந்து, கடைசியில் மம்தூஹ்தான் சொன்னான்: “சின்ன வயசுல மாதிரி ஷாயிப் ஆடுவோம். யார் கையில நிக்குறானோ, பாபா அவங்க வீட்டுக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

சொன்ன அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தங்கைகள் உடனே தலையாட்டிவிட்டார்கள்.

“அவரே தோத்துட்டா?” என்று நஜ்லா இப்போது மெதுவாகக் கேட்டாள்.

“மறுபடி ஆடவேண்டியதுதான்” என்றான் மம்தூஹ். பாபா பக்கத்தில் இருப்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. நாற்பது வருஷம் டிராம் மணியோடு குடித்தனம் நடத்திய காது அது. கத்தினால்தான் ஏறும் என்பது பிள்ளைகளின் கணக்கு.

ஆட்டம் தொடங்கியது. தோற்றவருக்கு என்ன தண்டனை என்று எப்போதும் முதல் ஆளாகக் கேட்டுச் சண்டை பிடிக்கிற ஷுக்ரி, இன்றைக்கு அதைக் கேட்கவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“என்ன நஜ்லா, முகம் கறுத்துப் போச்சு? கிழவன் வந்துட்டானா?”

“சும்மா ஆடுங்க பாபா!” என்று கத்தினாள் நஜ்லா. அடுத்த சுற்றில் நிஹால் அவளிடமிருந்து ஒரு சீட்டை உருவியதும், “அப்பாடா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் நஜ்லா.

மம்தூஹ் முதலில் தப்பித்தான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி ஒரு சிகரெட் பற்றவைத்தான். நஜ்லாவும் கடைசி ஜோடியைப் போட்டுவிட்டு, வறுத்த பூசணி விதையைக் கொறிக்க ஆரம்பித்தாள். நல்ல பிள்ளைகள்.

மிஞ்சியது அப்பாவும் செல்ல மகளும். அவர் கையில் ஒரே ஒரு ஏழு. நிஹால் கையில் இன்னொரு ஏழும் கிழவனும். சீட்டு எடுக்க வேண்டிய முறை அவருடையது.

ஷுக்ரி வலப்பக்கச் சீட்டைத் தொட்டார். நிஹாலின் முகம் செத்துப்போனது. விரலை இடப்பக்கத்துக்கு நகர்த்தினார். அவளுக்கே தெரியாமல் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். இடப்பக்கச் சீட்டையே எடுத்தார்.

“முப்பது வருஷமா உங்களை யாரும் ஜெயிச்சதில்ல பாபா! இன்னைக்கு வசமா மாட்டினீங்க!” என்று மம்தூஹ் சிரித்தான்.

ஷுக்ரி இரண்டு சீட்டையும் முதுகுக்குப் பின்னால் மாற்றிக் கலைத்து நீட்டினார். ஒன்று மட்டும் அரை விரல் உயரமாக நின்றது. “எடு கண்ணு” என்றார்.

நிஹால் அதையே எடுத்தாள். ஏழு. ஜோடியைக் கீழே போட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“ஜெயிச்சுட்டு எதுக்குடி அழற?” என்றாள் நஜ்லா. அவள் குரலும் சரியாக இல்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மம்தூஹ் சிகரெட்டை அணைத்துவிட்டு மேஜையில் கிடந்த சீட்டுகளை வாரினான். பிறகு அப்பாவின் காதருகே குனிந்து, “இந்த ஆட்டம் செல்லாது பாபா! அதைக் குடுங்க, இன்னொரு தடவை போடறேன்!” என்று கத்தினான்.

ஷுக்ரி கையிலிருந்த ராஜாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஏன்டா கத்துற? பால்கனியில பேசினது பேசினதுதான். கிழவனை நானே கூட்டிட்டுப் போறேன்.”