ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி

ஜெர்மனியில் மகனைப் பார்த்துவிட்டு வனஜாவும் ராகவேந்திராவும் புனே திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது. ஔந்த் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டுக்குப் பயணக் கதை கேட்க வந்திருந்தாள் பக்கத்து ஃப்ளாட் பானு.

"ரெண்டு பேர் மட்டும் ரயில்ல ஊர் சுத்தக் கிளம்பினீங்களாமே அக்கா! ஹனிமூனா?"

"போடி. இவர் காபி வாங்க முன்பெட்டிக்குப் போனார். நடுவுல ஒரு ஸ்டேஷன்ல ரயிலையே ரெண்டா கழட்டிட்டாங்க. முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேற ஊருக்கு! டிக்கெட்டும் என் ஃபோனும் இவர் பையில."

"அரே! அப்புறம்?"

"ஏதோ ஒரு ஸ்டேஷன்ல எறங்கி மழையில நின்னேன். ஒவ்வொரு ஸ்டேஷனா எறங்கித் தேடி, சாயங்காலம் வந்து சேர்ந்தார். அதோட திரும்பிட்டோம்."

"அப்ப எதுக்குத்தான் போனீங்க?"

வனஜா சிரித்து மழுப்பினாள்.

பிரிந்துவிடுவதென்று புனேயிலேயே தீர்மானித்திருந்தார்கள். அதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று தனியாகப் பேசி முடிக்கத்தான் அன்று ரயிலேறினார்கள். அந்தப் பேச்சை இருவரும் இன்னும் எடுக்கவில்லை.

"அண்ணா, அக்கா கெடைக்கலேன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

ராகவேந்திரா பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. "இன்னும் அங்கேயேதான் தேடிக்கிட்டு இருந்திருப்பேன்."

வனஜா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.