பதினோராவது பாட்டு

பிரபல இசைக்குழு ஒன்றின் புது ஆல்பம், போன் கம்பெனியின் தயவில், எல்லார் போனிலும் இலவசமாக வந்து உட்கார்ந்திருந்தது. அழித்துத் தரச் சொல்லி சர்வீஸ் சென்டரில் காலையிலிருந்தே கூட்டம்.

கவுன்டரில் இருந்தவள், அந்தக் குழுவில் இருபது வருஷம் டிரம்ஸ் வாசித்தவனின் மனைவி. அவன் போய் ஆறு வருஷமாகிறது. ஒரு மாலைகூட அனுப்பாத மகராசன்கள், ஊருக்கெல்லாம் பாட்டை அள்ளி விட்டிருந்தார்கள்.

விளம்பரத்தில் பத்துப் பாட்டுதான். அவள் கைக்கு வந்த போன்களில் பதினொன்று இருந்தது. பதினோராவதில் பாட்டே இல்லை. குச்சிகளைத் தட்டியபடி ஒருவன் எண்ணினான்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." அவள் புருஷனும் அப்படித்தான். நாலு என்று சொல்லவே மாட்டான். டிரம்மில் ஒரே போடாகப் போடுவான்.

பழைய ரெக்கார்டிங்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதுவரை வந்த நாற்பது போன்களிலும் அதை ஒருமுறை கேட்டுவிட்டு அழித்தாள்.

நாற்பத்தொன்றாவது போன் ஒரு பெரியவருடையது.

"யாரு கேட்டா இத? தூக்கிப் போடும்மா."

பதினோராவதைப் போட்டாள். மூணு வரை எண்ணிவிட்டுக் குரல் நின்றது.

"நீயுமாடி?"

பெரியவர் திடுக்கிட்டார். "யாரும்மா பேசுறது?"

"பாட்டுதாங்க," என்றாள். அழித்தாள்.

அடுத்த போனை வாங்கினாள். அதில் பத்துப் பாட்டுதான் இருந்தது.