சத்தம் போடாத வீடு

செண்பகவல்லி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த வருடமே அந்த வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அப்பா இருமல் வந்தால் வாசலுக்குப் போய்விடுவார். அண்ணி தாளிக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தொலைக்காட்சியில் படம் மட்டும்தான் ஓடும். இப்படியே ஏழு வருடம் போனது. காலக்கெடு தாண்டியதால் பதிவை ரத்து செய்துவிட்டதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அறைக்குள் உட்கார்ந்து பழைய பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை கதவுக்கு வெளியே ஏதோ விழுந்தது. எட்டிப் பார்த்தாள். அண்ணனின் மூன்று வயது மகள் முழங்கால் சிராய்த்துக் கிடந்தாள். இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செண்பகவல்லி கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தையின் கைகளை விலக்கிவிட்டு, "சத்தமா அழு பாப்பா. எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றாள்.

"முடிச்சிட்டியாடி!" என்று அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்பா செருப்புகூட மாட்டாமல் தெருவில் இறங்கி, "எம்பொண்ணு டாக்டராயிட்டா!" என்று கத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். "இல்லம்மா..." என்று அவள் சொன்னது அந்த இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"அந்த லெட்டரக் குடு. நானே எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறேன்."